மலையேறும் ஜீப் – 14: அஞ்சே காலே அரைக்கால்

போடிமெட்டு ஏற்றத்தில் ஃபோர் வீல் போட்டதும் படாரென்று சத்தம் கேட்டது, டிரான்ஸ்ஃபர் பாக்ஸ் போயிற்று. அதைப் போன வாரமே சொல்லியாயிற்று. எந்த ஆக்ஸில் ரேஷியோ யாருக்குப் பொருந்தும் என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் பட்டறையில் நான் கண்ட ஒன்று மனசைப் பிடித்துக்கொண்டுவிட்டது. வியாழக்கிழமைக்குள் கட்டுரை அச்சுக்குப் போக வேண்டும். அதைச் சொல்லாமல் வேறெதுவும் எழுத ஓடவில்லை.

பெட்டியைப் பிரித்துப் பலகையில் பரப்பியிருந்தார் மிஸ்திரி. நடுச் சக்கரத்தில் மூன்று பல் அடியோடு இல்லை. அது சுழலும் ஷாஃப்டில் நகத்தை ஓட்டினால் பள்ளத்தில் இடறி நிற்கிறது. வடித்து வைத்த ஆயிலில் வெள்ளிச் சாயம் கரைத்தது போல இரும்புத் தூள் மின்னியது.

“வேற பெட்டி கிடைக்குமாண்ணே?”

“கெடைக்கும் தம்பி. மாட்டுனா அதுவும் ஒடையும்.”

அதன் பிறகு அவர் பெட்டிப் பக்கமே திரும்பவில்லை. பின் சக்கரங்களில் ஒன்றை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கினார். மற்றது தரையிலேயே இருந்தது. டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, ஷாஃப்ட் மாட்டும் ஃபிளாஞ்சில் ஒரு கோடு. டயரை நிதானமாக இரண்டு சுற்று சுற்றச் சொல்லிவிட்டு, ஃபிளாஞ்சுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு எண்ணினார். ஒரு சக்கரம் தரையைப் பிடித்திருக்கும்போது மற்றது இரண்டு சுற்று வந்தால்தான் உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் ஒரு சுற்று வரும். அதற்குள் ஃபிளாஞ்ச் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் ஆக்ஸில் ரேஷியோ. ஹவுசிங்கைத் திறக்கவே வேண்டாம். பின்னால் ஐந்து சுற்று முடியக் கொஞ்சம் குறைந்தது. முன் ஆக்ஸிலிலும் அதே மாதிரி பார்த்தோம். கோடு ஐந்தைத் தாண்டிப் போய் நின்றது.

“பின்னாடி நாலே முக்காலே அரைக்கால். முன்னாடி அஞ்சே காலே அரைக்கால்.”

இதே இரண்டு எண்களைப் புத்தகத்தில் 4.88, 5.38 என்று போட்டிருப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்புக்கு 4.88. பிற்பாடு மஹிந்திரா பம்பாயில் கட்டிய உயரமான பானட் வைத்த சிஜே-3பி வகைக்கு 5.38. முதலாவதில் கிரவுனுக்கு 39 பல், அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனுக்கு 8. இரண்டாவதில் 43-க்கு 8. எட்டால் வகுத்துப் பாருங்கள்: 4.875, 5.375. அரைக்கால் என்பது எட்டில் ஒரு பங்கு. புத்தகம் சுருக்கி எழுதியதை மிஸ்திரியின் தமிழ்க் கணக்கு துல்லியமாகச் சொல்லிவிட்டது. அப்பத்தாக்கள் அரைக்காற்படி எண்ணெய் அளந்த அதே அரைக்கால், ஜீப் பினியனின் ஒரு பல்லாக உட்கார்ந்திருக்கிறது. எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

பெட்டி உடைந்ததற்குக் காரணமும் இந்த இரண்டு எண்களின் வித்தியாசத்தில்தான் இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் பின் ஆக்ஸில் போனபோது வேறொரு பட்டறையில் பழைய இரும்புக் கடை ஆக்ஸில் ஒன்றைப் பூட்டித் தந்தார்கள். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றேதான். பல்லை யாரும் எண்ணவில்லை. ஃபோர் வீல் போடாதவரை அதனால் ஒன்றும் ஆகாது. போட்டுவிட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றியாக வேண்டும். பின் சக்கரம் 100 மீட்டர் உருளும் நேரத்தில் முன் சக்கரம் 91 மீட்டர்தான் உருளும். மிச்சம் 9 மீட்டருக்கு டயர் வழுக்க வேண்டும். சேற்றில் வழுக்கிவிடும். காய்ந்த தார் ரோட்டில் டயர் பிடியை விடாது. முறுக்கு ஏறிக்கொண்டே போய், எது பலவீனமோ அது தெறிக்கும். என் வண்டியில் நடுச் சக்கரம் தெறித்தது.

கிரவுன் பினியன் ரேஷியோக்கள் ஏன் இப்படிக் கோணல் எண்களாகவே இருக்கின்றன என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். 3.73 என்றால் 41-க்கு 11. 4.10 என்றால் 41-க்கு 10. 4.27 என்றால் 47-க்கு 11. 4.56 என்றால் 41-க்கு 9. எந்த ஜோடியிலும் இரண்டு எண்களுக்கும் பொதுவான வகுத்தி கிடையாது. வேண்டுமென்றேதான் அப்படி வைக்கிறார்கள். 40-க்கு 8 என்று வைத்திருந்தால் பினியனின் ஒரு பல், கிரவுனில் அதே ஐந்து பற்களை மட்டுமே ஆயுசு முழுக்கக் கடித்துக்கொண்டிருக்கும். பல்லில் ஒரு சிறு பிசிறு இருந்தால் அந்த ஐந்தும் தேயும், மற்றவை அப்படியே நிற்கும். 43-க்கு 8 என்றால் அந்தப் பல் 43-ஐயும் வரிசையாகப் பார்த்துவிட்டுத்தான் பழைய பல்லிடம் திரும்பி வரும். கணக்குப் போட்டுப் பார்த்தேன். மொத்தம் 344 ஜோடி. சக்கரம் எட்டு சுற்று சுற்றினால், அதாவது ஜீப் சுமார் 18 மீட்டர் போனால், 344-ம் ஒவ்வொரு முறை சந்தித்து முடித்திருக்கும். பட்டறை வாசலிலிருந்து எதிர்ச் சாரி டீக்கடைக்குப் போகும் தூரம்!

இந்த யோசனை மோட்டார் வண்டிக்காரர்களுடையதுகூட இல்லை. மரப்பல் சக்கரம் வைத்து மாவரைத்த காலத்து இங்கிலாந்து ஆலைத் தச்சர்கள், எண்ணிக்கை ஒழுங்காக வகுபட்டால் வேண்டுமென்றே ஒரு பல்லைக் கூடுதலாகச் சேர்ப்பார்கள். அதற்கு ‘ஹன்டிங் காக்’, வேட்டையாடும் பல், என்று பெயர். மரம் ஒரே சீராகத் தேய அவர்கள் கண்ட வழிதான் போடிமெட்டு ஏறும் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் ஒவ்வொன்றின் வயிற்றிலும் இருக்கிறது. கிரவுனையும் பினியனையும் ஒன்றோடொன்று தேய்த்து இணக்கித்தான் விற்கிறார்கள். பினியன் மட்டும் போயிற்று என்று அதை மட்டும் வாங்கிப் போடாதீர்கள், வாங்கினால் ஜோடியாக வாங்குங்கள்.

பெட்டி விஷயத்துக்கு வருகிறேன். பழைய ஜீப்பில் இருப்பது ஸ்பைசர் 18. பின் ஷாஃப்டுக்கான வாய் அதில் நடுவில் இராது, வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். ஆக்ஸிலின் உருண்டையும் அதற்கு நேராக வலப்பக்கம்தான். பிறகு வந்த டானா 20-இல் வாய் நடுவில். அது நல்ல பெட்டிதான், சத்தமும் குறைவு, ஆனால் பின் ஆக்ஸிலையும் சேர்த்து மாற்றாமல் அதைப் போட முடியாது. ஸ்பைசர் 18-லேயே போர்க்காலத்துப் பெட்டியில் லோ ரேஷியோ 1.97, பின்னால் வந்ததில் 2.46. போர்க்கால ஜீப் முதல் கியரில், லோவில், 4.88 ஆக்ஸிலோடு மொத்தம் சுமார் 25.6 மடங்கு இழுத்தது. மூன்று கியர் சிஜே-3பி 2.46 லோவோடும் 5.38 ஆக்ஸிலோடும் சுமார் 37 மடங்கு இழுக்கும். ஆள் ஏற்றி மழையில் தோட்டத்துப் பாதை ஏறுகிறவருக்கு இந்த வித்தியாசம் காலில் தெரியும். நான் 2.46 பெட்டியே கேட்டிருக்கிறேன். நடு ஷாஃப்ட் பருமனை அளந்து எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். முக்கால் அங்குலத்திலிருந்து ஒன்றேகால் அங்குலம்வரை வெவ்வேறு காலத்துப் பெட்டிகளில் அது வேறுபடும். ஒன்றின் சக்கரம் இன்னொன்றில் ஏறாது.

இரண்டு ஆக்ஸிலும் ஒன்றாக வேண்டும் என்பது முடிவாயிற்று. 5.38-ஆ, 4.88-ஆ என்பது பாக்கி. பினியனைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டே மிஸ்திரி கேட்டார்:

“என்ன டயர் போடப் போற?”

28 அங்குல டயரைக் கழற்றிவிட்டு 31 அங்குலம் போட்டால் 5.38 ஆக்ஸில் 4.86 போல நடந்துகொள்ளும். அந்தக் கணக்கும், டீசல் இன்ஜினுக்கு மாறியவர்களின் கணக்கும் அடுத்த வாரம்.