விளக்குகளைத் தாழ்த்திய ஊர்



நியூசிலாந்தில் வாழும் பிள்ளைகளையோ உறவினரையோ காணச் செல்லும் வாய்ப்பு உங்களில் எவருக்கேனும் கிடைக்குமாயின், அந்நாட்டின் தென் தீவிலுள்ள தெக்காப்போ என்னும் சிற்றூருக்கு ஒருமுறை சென்று வாருங்கள். கிறைஸ்ட்சேர்ச் நகரிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேரப் பயணம். பலர் பகலில் வந்து, படம் பிடித்துக்கொண்டு, மாலைக்குள் புறப்பட்டுவிடுகின்றனர். நீங்கள் அவ்வாறு செய்யாதீர்கள். ஓர் இரவேனும் அங்கே தங்குங்கள்.

பகற்பொழுதும் அழகியதே. கடல் மட்டத்திலிருந்து 710 மீற்றர் உயரத்தில், பனி மூடிய மலைகளின் அடிவாரத்தில் விரிந்து கிடக்கிறது ஏரி. அதன் நீர் பால் கலந்தாற்போன்ற நீல நிறம் உடையது. வடக்கேயுள்ள பனியாறுகள் மலைப்பாறைகளை அரைத்து மாவாக்குகின்றன. அந்த மாவு ஆறுகளோடு வந்து, எளிதில் அடியில் படியாமல் நீரிலே மிதந்து ஒளியைச் சிதறச் செய்வதால் உண்டாகும் நிறம் அது. நவம்பர், டிசம்பர் மாதங்களில் கரையெங்கும் ஊதாவும் இளஞ்சிவப்புமாக லூப்பின் மலர்கள் பூத்திருக்கும். வெளியிலிருந்து வந்த அச்செடி, ஆற்றுப்படுகைகளை அடைத்துப் பரவும் களை என்பதை அதன் அழகில் மயங்குவோர் அறிவதில்லை!

ஏரிக்கரையில் தனித்து நிற்கிறது நல்லாயன் ஆலயம். அந்த மேட்டு நிலத்தில் முதன்முதலாகக் குடியேறியவர்களின் நினைவாக, பல திருச்சபையினரும் பொதுவாக வழிபடும் பொருட்டு 1935ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட சிற்றாலயம். சுற்றுப்புறத்தில் கிடந்த கற்களைப் பொறுக்கி, செதுக்காமல் கிடந்தபடியே வைத்துக் கட்டினார்கள். உள்ளே சென்றால் நம் கண்கள் இயல்பாகவே பீடத்தின் பின்புறத்தைத் தேடும். நம்முடைய ஆலயங்களில் அவ்விடத்தில் சுரூபங்களும் வண்ண வேலைப்பாடுகளும் நிறைந்திருக்குமல்லவா? அங்கே இருப்பது ஒரு பெரிய கண்ணாடிச் சாளரம் மட்டுமே. எளிய சிலுவையொன்றும், அதற்கப்பால் ஏரியும் மலைகளும் தெரிகின்றன. உள்ளே படம் பிடிப்பதற்கு அனுமதி இல்லை. இத்தடை குறித்து மனம் வருந்துவோர் உண்டு. ஆனால் கருவியைப் பையில் வைத்துவிட்டு ஐந்து நிமிடம் அமர்ந்து பார்ப்பவருக்கு அதன் காரணம் விளங்கிவிடும்.

நல்லாயன் என்ற பெயருக்கு அந்த மண்ணில் ஒரு தனிப் பொருளும் உண்டு. அப்பகுதி முழுவதும் ஆடு மேய்க்கும் நாடு. அதற்கு மக்கென்சி என்று பெயர் வந்ததோ ஓர் ஆட்டுத் திருடனால்! 1855ஆம் ஆண்டில் ஏறத்தாழ ஆயிரம் ஆடுகளோடு பிடிபட்ட ஜேம்ஸ் மக்கென்சி, ஐந்தாண்டுத் தண்டனை பெற்று, மறு ஆண்டே மன்னிப்பும் பெற்றவர். திருடனின் பெயரைத் தாங்கிய நாட்டில் ஆயனின் பெயரைத் தாங்கிய ஆலயம்! யோவான் நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தை அங்கே அமர்ந்து வாசிப்பது ஒரு தனி அனுபவம். ஆலயத்திற்கு அருகில் வெண்கலத்தாலான ஆட்டுநாயின் சிலையொன்றும் நிற்கிறது. வேலியில்லாத எல்லைகளில் ஆடுகள் வழிதவறாதபடி, வெயிலிலும் பனியிலும் காவல் கிடந்த நாய்களுக்கு நன்றியாக 1968இல் நிறுவப்பட்டது அது.

இனி இரவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஊருக்கு அருகேயுள்ள ஜோன் மலையுச்சியில் 1965ஆம் ஆண்டு முதல் கன்ரபரி பல்கலைக்கழகத்தின் வானாய்வு நிலையம் இயங்கி வருகிறது. வேறு விண்மீன்களைச் சுற்றும் கோள்களைத் தேடும் 1.8 மீற்றர் தொலைநோக்கியும் அங்குண்டு. ஊர் வெளிச்சம் பெருகினால் அந்தப் பணி கெட்டுவிடும். எனவே 1981ஆம் ஆண்டிலேயே அப்பகுதியின் உள்ளூராட்சி சட்டம் வகுத்தது: வெளி விளக்குகள் மூடியிடப்பட்டு, நிலத்தை நோக்கியே ஒளிர வேண்டும். உல்லாசப் பயணிகளை நம்பி வாழும் ஊர், தன்னை மின்னொளியால் அலங்கரித்துக்கொள்ளும் ஆசையை விட்டுக்கொடுத்தது. 2012ஆம் ஆண்டில் 4,300 சதுர கிலோமீற்றருக்கும் மேற்பட்ட அந்த நிலப்பரப்பு அனைத்துலக இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. இன்று மக்கள் தொலைதூரத்திலிருந்து வருவதே அந்த இருளுக்காகத்தான்.

அமாவாசையை அண்டிய நாளைத் தெரிவு செய்யுங்கள். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை கடுங்குளிர். ஆயினும் பால்வெளி உச்சிவானை ஒட்டிச் செல்வது அக்காலத்தில்தான். கைத்தொலைபேசியை அணைத்துவிட்டு, கண்கள் இருளுக்குப் பழக இருபது நிமிடமாவது பொறுத்திருங்கள். முதலில் நூறு விண்மீன்கள், பின் ஆயிரம், பின் எண்ணமுடியாத கூட்டம். முதிர்ந்த வயதிலும் பிள்ளையின்றிக் கலங்கிய ஆபிராமை ஆண்டவர் வெளியே அழைத்துச் சென்று, வானத்து விண்மீன்களைக் காட்டியதாகத் தொடக்கநூலில் வாசிக்கிறோம். இன்றைய நகரத் தெருவொன்றில் நின்றிருந்தால், அந்த முதியவர் சில நிமிடங்களில் அவற்றை எண்ணி முடித்திருப்பார். வாக்குறுதியின் அளவும் அவருக்கு அவ்வளவாகவே தோன்றியிருக்கும்.

அந்த வானில் தெற்குச் சிலுவை என்னும் விண்மீன் கூட்டம் ஒருபோதும் மறைவதில்லை. ஆண்டு முழுவதும் தென் துருவத்தைச் சுற்றி வந்துகொண்டேயிருக்கும். நமக்கும் அது முற்றிலும் அந்நியமன்று. மே மாதத்தில் மாதாவின் செபமாலை முடிந்து வீடு திரும்பும்போது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தெருவிளக்குகள் எட்டாத இடத்தில் தெற்கு நோக்கி நில்லுங்கள். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மட்டக்களப்பிலும், அடிவானத்திற்குச் சற்று மேலே, நான்கு விண்மீன்களாக அது நிமிர்ந்து நிற்கும்.