நிலத்தின் கோடும் நிர்வாகத்தின் கோடும்

ஓசூரின் தொழிற்பேட்டைகளைக் கடந்து தெற்கே சென்றால் தளி, அஞ்செட்டி வழியாக நிலம் காவிரியை நோக்கிச் சரிந்து அடர்ந்த மலைக்காடாகிறது. இக்காட்டின் ஒரு பகுதி 2014-இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாகவும், மற்றொரு பகுதி 2022-இல் காவிரி தெற்குச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டன. பாதைகள் அரிதான இத்தகைய நிலத்தை வரைபடமாக்குவது எங்ஙனம் என்பதை அறிந்துகொள்வது நமக்குப் பயன் தரும்.

நில அளவையின் அடிப்படை முக்கோணமே. ஒரு பக்கத்தின் நீளமும் இரு கோணங்களும் தெரிந்தால், ஆற்றைக் கடக்காமலேயே மறுகரைக் குன்றின் தொலைவைக் கணித்துவிடலாம். 11-ஆம் நூற்றாண்டில் அல்பீரூனி நந்தனாக் கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தையும் தொடுவானம் தாழ்ந்து தெரியும் கோணத்தையும் கொண்டு பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டதும் இத்தகைய கோணக் கணிதத்தாலேயே. லாம்டன் 1802-இல் சென்னைப் பரங்கிமலை அருகிலும், 1804-இல் பெங்களூர் அருகிலும் அடிக்கோடுகளை அளந்து தென்னிந்தியாவை முக்கோண வலையால் பிணைத்தார். பின்னர் எவரெஸ்ட் காலத்தில் அளவைக் கருவிகளைச் செப்பனிட்ட வல்லுநர் ஆர்க்காட்டைச் சேர்ந்த சையித் மீர் மொஹ்சின் ஹுசைன் என்பதை நம்மில் பலர் அறியார்.

அவ்வழி வந்த இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாளில் ஒரு சென்டிமீட்டர் என்பது நிலத்தில் அரை கிலோமீட்டர். அதிலுள்ள பழுப்புநிறக் கோடுகள் சமஉயரக் கோடுகள். ஒவ்வொன்றுக்கும் இடையே 20 மீட்டர் உயர வேறுபாடு. அவை நெருங்கியிருந்தால் செங்குத்துச் சரிவு. விலகியிருந்தால் நடந்து செல்லத்தக்க நிலம். வற்றாத நீர் நீலத்திலும், மழைக்காலத்தில் மட்டும் ஓடும் ஓடைகள் கறுப்பிலும் காட்டப்படும்.

இவையெல்லாம் நிலமே இட்ட கோடுகள். மாநில எல்லையோ, காவிரியே எல்லையாக அமையும் இடங்கள் நீங்கலாக, பெரும்பாலும் நிர்வாகம் இட்ட கோடு. ஆண்டுதோறும் பன்னேர்கட்டாவிலிருந்து ஜவளகிரி, தளி வழியாக ஓசூர்க் காடுகளுக்கு வரும் யானைகள் அதனை அறியா. ஒவ்வொரு மாநிலமும் தன் எல்லையோடு படத்தை நிறுத்திக்கொண்டால், அவற்றின் வழித்தடம் பாதியில் அறுந்துவிடும்; அறுந்த இடத்தில் வேலியும் கட்டடமும் எழும்; யானை வயலுக்குள் இறங்கும்.

ஓடைகளின் நிலையும் இதுவே. கோடையில் வறண்ட பள்ளம் மனைப் பிரிவாகிறது; பெருமழையில் நீர் தன் பழைய வழியைத் தேடி வீட்டுக்குள் புகுகிறது. 2017-இல் இந்திய நில அளவைத் துறை தன் வரைபடங்களை இணையத்தில் இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2021-ஆம் ஆண்டின் வழிகாட்டு நெறிகள் வரைபடத் தரவுகளின் மீதான பல தடைகளை நீக்கின. மனை வாங்குமுன் பத்திரத்தைப் பலமுறை படித்துப் பார்க்கும் நாம், அந்நிலத்தின் வழியே கறுப்புக் கோடு ஏதும் செல்கிறதா என்பதையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.