நர்ஸுக்கும் ஒரு காலாவதித் தேதி

எங்கள் ஆலையில் தேதி எழுதாத பொருளைப் பார்ப்பது அரிது. தீயணைப்புக் கருவியின் கழுத்தில் அடுத்த பரிசோதனை எப்போது என்று ஓர் அட்டை தொங்கும். தலைக்கு மேல் ஓடும் கிரேனில் எத்தனை டன் தூக்கலாம், கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று பெயின்டில் எழுதியிருக்கும். ஆய்வுக்கு வருகிற அதிகாரி ஆம்புலன்ஸ் அறைக்குள் நுழைந்தால் ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளைப் பார்ப்பார், மருந்து அட்டையைத் திருப்பிக் காலாவதித் தேதியைப் பார்ப்பார், ரிஜிஸ்டரைப் புரட்டுவார். அந்த ரிஜிஸ்டரை நீட்டுகிற எனக்கும் ஒரு தேதி இருக்கிறது. அதை யாரும் கேட்பதில்லை.

நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஓர் உருக்காலையில் நர்ஸ். டிப்ளமோ படித்துவிட்டு சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சில வருஷம் வார்டு பார்த்தேன். கல்யாணமாகிப் பொன்னேரிக்கு வந்த பிறகு இந்த வேலை. 500 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறை இருக்க வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்னது. போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு 1987-இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான வேலைகளில் இருப்பவர்களுக்கு மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்கினார்கள். என்னைப் போன்றவர்களுக்கு ஆலைக்குள் நாற்காலி கிடைத்தது இப்படித்தான்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாநிலத்தில் நர்ஸாக வேலை பார்க்க வேண்டுமானால் சாந்தோமில் இருக்கும் தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் தாதியர் கவுன்சிலில் பெயரைப் பதிய வேண்டும். 1926-இல் சென்னை மாகாணம் போட்ட சட்டத்தில் பிறந்த அமைப்பு அது. நாடு முழுவதற்குமான இந்திய நர்ஸிங் கவுன்சிலுக்குச் சட்டம் வந்தது 1947-இல்தான். என் பெரியம்மா காலத்து நர்ஸுகள் பதிவுச் சான்றிதழை ஃபிரேம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியதோடு சரி. எங்களுக்கு அப்படியில்லை. 5 வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். அந்த 5 வருஷத்தில் 150 மணி நேரம் தொடர் கல்வி பெற்றிருக்க வேண்டும் என்பது இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த அளவு. எங்களுக்குள் இதைச் 'சிஎன்இ' என்போம். 'உனக்கு எவ்ளோ கிரெடிட் சேர்ந்திருக்கு?' என்பது ரினீவல் நெருங்குகிற வருஷத்தில் எந்த நர்ஸைப் பார்த்தாலும் வருகிற முதல் கேள்வி. இதற்கிடையில் 2023-இல் தேசிய நர்ஸிங் மற்றும் மகப்பேறு ஆணையச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. பழைய 1947 சட்டத்துக்குப் பதிலாக வந்தது இது. பெயர்ப்பலகை மாறினாலும் படிப்பை விட முடியாது.

எதற்காக விட முடியாது என்பதற்கு நெஞ்சு அழுத்துவதையே எடுத்துக்கொள்ளுங்கள். நான் படித்தபோது ஆள் மயங்கி விழுந்தால் முதலில் மூச்சுப்பாதை, அடுத்து மூச்சு, அதற்குப் பிறகுதான் ரத்த ஓட்டம் என்று மனப்பாடம் செய்தோம். 2010-இல் அமெரிக்க இதயச் சங்கம் அந்த வரிசையைப் புரட்டிப் போட்டது. பெரியவர்களுக்குத் திடீரென்று இதயம் நின்றால், ரத்தத்தில் கொஞ்ச நேரத்துக்குப் போதுமான ஆக்சிஜன் மிச்சமிருக்கும். அதை மூளைக்குத் தள்ளுவதுதான் அவசரம். ஆகவே முதலில் நெஞ்சை அழுத்து, மூச்சு பிறகு. 2015-இல் வேகத்துக்கு மேல்வரம்பும் வைத்தார்கள்: நிமிடத்துக்கு 100-லிருந்து 120 வரை. ஆழம் 5 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது, 6-ஐத் தாண்டக் கூடாது. இதற்கான பயிற்சி அட்டை 2 வருஷம்தான் செல்லும்.

இதையெல்லாம் திரையில் காட்டி அரை மணி நேரத்தில் சொல்லிவிடலாம். ஆனால் கைக்கு வராது. பயிற்சி வகுப்பில் தரையில் கிடத்தியிருக்கும் டம்மியின் நெஞ்சுக்குள் ஒரு ஸ்பிரிங் உண்டு. சரியான ஆழத்துக்கு அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் கேட்கும். முதல் முப்பது அழுத்தத்துக்கு டிக் டிக் என்று ஒழுங்காக வரும். இரண்டாவது நிமிடம் நெருங்கும்போது சத்தம் அங்கொன்றும் இங்கொன்றுமாகும், அப்புறம் நின்றுவிடும். வேடிக்கை என்னவென்றால், அழுத்துகிறவருக்குத் தான் தளர்ந்தது தெரியவே தெரியாது. அதே பலத்தில்தான் அழுத்துகிறோம் என்று சத்தியம் செய்வார். 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்று என்று விதி இருப்பது இதனால்தான். இன்னொன்று, ஒவ்வொரு அழுத்தத்துக்கும் பிறகு நெஞ்சு முழுக்க மேலே எழும்ப விட வேண்டும். களைத்தவர் தன் எடையை டம்மி மேலேயே சாய்த்துவிடுவார். அப்போது இதயத்துக்குள் ரத்தம் திரும்பி வர இடமிருக்காது. பயிற்சி எடுத்துச் சில மாதத்திலேயே இந்தக் கை மறந்துபோகிறது என்பது பயிற்சி தருகிறவர்களே ஒப்புக்கொள்கிற விஷயம். 5 வருஷத்துக்கு ஒரு ரினீவல் என்ற கணக்கு காகிதத்துக்குப் பொருந்தும், கைக்குப் பொருந்தாது.

பாம்புக்கடி எங்கள் பக்கத்துச் சமாச்சாரம். தேர்வாய்க்கண்டிகைப் பக்கம் ஆலைகள் வந்துவிட்டாலும் சுற்றிலும் வயலும் ஏரியும்தான். நைட் ஷிப்ட் முடிந்து செல்போன் வெளிச்சத்தில் நடந்து போகிறவர்கள் நிறைய. முன்பெல்லாம் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டு என்றுதான் பாடம். இப்போது கட்டாதே, கீறாதே, உறிஞ்சாதே, கையையோ காலையோ அசையாமல் வைத்துச் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பு என்கிறார்கள். அங்கே போனதும் செய்கிற ஒரு சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். 2 மில்லி ரத்தத்தை ஒரு கண்ணாடிக் குழாயில் விட்டு, 20 நிமிடம் ஆடாமல் அசங்காமல் வைத்துவிட்டு, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விஷம் ரத்தத்தில் வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். குழாய் பிளாஸ்டிக்காக இருக்கக் கூடாது, சோப்புத்தூள் போட்டுக் கழுவியதாகவும் இருக்கக் கூடாது. இரண்டிலும் முடிவு தப்பாக வரும். லட்ச ரூபாய் இயந்திரம் தேவையில்லாத சோதனை, கழுவுகிற ஆயாவுக்கு யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் போதும். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைத் தகவல் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. அதுவும் எனக்கு ஒரு வகுப்பில்தான் தெரிய வந்தது.

தீக்காயத்துக்கு வந்தால் ஆலையில் ஆளுக்கொரு வைத்தியம். ஃபர்னஸ் பக்கமிருந்து ஓடி வருகிற பையன் கையில் டூத்பேஸ்ட்டோ பேனா மையோ பூசியிருக்கும். பீகார்க்காரர்களும் ஒடிசாக்காரர்களும் பாதிப் பேர் இருக்கிற இடம். 'தீதி, பானி மத் டாலோ' என்று தண்ணீருக்குப் பயந்து கையை இழுத்துக்கொள்வார்கள். கொப்புளம் வரும் என்ற பயம். உண்மையில் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுவதுதான் முதல் மருந்து. 20 நிமிடம் என்பது சொல்வதற்குச் சின்னது. வாஷ்பேசின் முன்னால் ஒருவனை அத்தனை நேரம் நிற்க வைக்க இந்தியில் நாலு வார்த்தை தெரிந்திருக்க வேண்டும். எந்தச் சிஎன்இ வகுப்பிலும் இந்தி சொல்லிக்கொடுக்கவில்லை. கான்ட்ராக்ட் பையன்களிடம் நானே கற்றுக்கொண்டேன். அதற்குக் கிரெடிட் கிடையாது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. ஊரே கண் எரிச்சலோடும் மூச்சுத்திணறலோடும் ரோட்டுக்கு ஓடி வந்தது. அந்தப் பக்கமிருந்து எங்கள் ஆலைக்கு வருகிறவர்கள் மறுநாள் என்னைச் சூழ்ந்துகொண்டு கேட்டார்கள்: எந்தப் பக்கம் ஓடணும் சிஸ்டர்? காற்று எங்கிருந்து வீசுகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்காக ஓட வேண்டும், ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூட வேண்டும், கண்ணைக் குறைந்தது 15 நிமிடம் தண்ணீரில் அலச வேண்டும். பதில் என்னிடம் இருந்தது. ஆனால் நான் வார்டில் மட்டும் வேலை பார்த்திருந்தால் அந்தக் கேள்வியே என்னிடம் வந்திருக்காது. ரசாயனமும் கொதிக்கும் இரும்பும் சுற்றி இருக்கிற இடத்தில் நர்ஸுக்குத் தேவைப்படும் பாடம் வேறு. அந்தப் பாடத்துக்கு வகுப்பு நடப்பது அபூர்வம்.

வார்டில் இருக்கும் நர்ஸுக்கு ஒரு வசதி உண்டு. பழைய முறையில் ஏதாவது செய்தால் பக்கத்துப் படுக்கையிலிருந்து ஒருத்தி, 'ஏய், இப்பல்லாம் அப்படிப் பண்றதில்லடி' என்று குரல் கொடுத்துவிடுவாள். ஆலையில் டாக்டர் வருகிற சில மணி நேரம் தவிர, அறையில் நான் மட்டும்தான். பழைய பழக்கத்தைத் திருத்த ஆளில்லை. தொடர் கல்வி யாருக்கு மிகவும் அவசியமோ அவருக்குத்தான் அது எட்டாத தூரத்தில் இருக்கிறது.

தூரம் என்றால் நிஜமாகவே தூரம். வகுப்புகள் பெரும்பாலும் சென்னையில் நடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை கும்மிடிப்பூண்டி லோக்கலைப் பிடித்து, மீஞ்சூர், எண்ணூர், திருவொற்றியூர் என்று நின்று நின்று சென்ட்ரல் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பஸ் ஏற வேண்டும். வார நாளென்றால் லீவு எழுத வேண்டும். லீவு தீர்ந்திருந்தால் சம்பளத்தில் பிடிப்பு. கட்டணமும் கைக்காசுதான். போன இடத்தில் சில சமயம் நடப்பதைப் பார்த்தால் வயிறு எரியும். பெயர் வேண்டாம், ஒரு கூட்டத்தில் காலையில் குத்துவிளக்கு, பொன்னாடை, வாழ்த்துரை என்று 11 மணி ஆகிவிட்டது. பிறகு வந்தவர் திரையில் இருந்ததை அப்படியே வாசித்தார். மதியச் சாப்பாட்டுக்கு நீண்ட வரிசை. மாலையில் அரங்கில் பாதி நாற்காலி காலி. ஆனால் வருகைப் பதிவேட்டில் எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து. என் முன்னால் நின்ற பெண் மூன்று பேருக்குச் சேர்த்துப் போட்டாள். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நைட் டியூட்டி முடித்துவிட்டு அந்த மூன்று பேரும் தூங்கியிருப்பார்கள்.

மணிக்கணக்கில் நாம் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை. இங்கிலாந்தில் 2016 ஏப்ரலிலிருந்து ஒரு முறை நடப்பில் இருக்கிறது. அங்கே நர்ஸ் 3 வருஷத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கிறார். அதற்குக் கேட்கும் தொடர் கல்வி 35 மணி நேரம். கலிபோர்னியாவில் 2 வருஷத்துக்கு 30 மணி நேரம். நம்முடைய 150-ஐ 5-ஆல் வகுத்தால் வருஷத்துக்கு 30. ஆக காகிதத்தில் நாம்தான் எல்லோரையும் விடக் கடுமை! ஆனால் இங்கிலாந்தில் மணி மட்டும் போதாது. அந்த 3 வருஷத்தில் 450 மணி நேரம் வேலை பார்த்திருக்க வேண்டும். 35-இல் 20 மணி நேரம் மற்றவர்களோடு சேர்ந்து கற்றதாக இருக்க வேண்டும். அதோடு, கற்றதாலும் அனுபவத்தாலும் தன் வேலையில் என்ன மாறியது என்று 5 குறிப்பு எழுதி, இன்னொரு நர்ஸோடு உட்கார்ந்து பேச வேண்டும். அங்கே போன என் தோழி, 'எழுதறதுதான் கஷ்டம்க்கா, கையெழுத்து போட்டுட்டு வர முடியாது' என்றாள். என்னைக் கேட்டால் நம் 150-ஐப் பாதியாகக் குறைத்துவிட்டு, அந்தப் பாதியில் டம்மியைத் தொட்ட மணி எத்தனை என்று கேட்கலாம்.

வகுப்பைத் தேடி நாங்கள் ஓடுவதற்குப் பதில், ஏற்கனவே இங்கே நடப்பதைக் கணக்கில் எடுத்தாலும் போதும். பெரும் விபத்து அபாயமுள்ள ஆலைகள் 6 மாதத்துக்கு ஒருமுறை அவசரகால ஒத்திகை நடத்த வேண்டும் என்று 1989-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. மற்ற ஆலைகளிலும் ஏதோ ஒரு மாக் ட்ரில் நடக்கும். சைரன் ஊதும், எல்லோரும் கேட் பக்கம் கூடுவார்கள், சிவப்பு மை தடவிய ஒரு பையனை ஸ்ட்ரெச்சரில் தூக்கி என் அறைக்குக் கொண்டுவருவார்கள், போட்டோ எடுப்பார்கள். பையன் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவான். நர்ஸுக்கு அதில் வேடமே கிடையாது. ஒருவனுக்குப் பதில் எட்டுப் பேரைக் கொண்டுவாருங்கள், யாரை முதலில் அனுப்புவது என்று நான் பிரித்துக் காட்டுகிறேன் என்றேன். 2024 அக்டோபர் 11 இரவு எங்கள் பக்கத்து ஸ்டேஷனான கவரைப்பேட்டையில் பாக்மதி எக்ஸ்பிரஸ் சரக்கு ரயிலில் மோதியபோது, நல்லவேளையாக உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் பலர் அடிபட்டு வந்தால் கத்துகிறவனை விடச் சத்தமில்லாமல் கிடப்பவனைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பதைப் பழகிவைக்க இந்த எச்சரிக்கை போதாதா?

சேஃப்டி ஆபீசர் ஒப்புக்கொண்டார். ஹெச்ஆரில்தான், 'இதனால கம்பெனிக்கு என்ன சிஸ்டர்?' என்று கேட்டார்கள். ஆம்புலன்ஸ் ஸ்டான்லிக்கோ கீழ்ப்பாக்கம் தீக்காயப் பிரிவுக்கோ போய்ச் சேருகிற வரை ஆளைத் தாக்குப்பிடிக்க வைப்பது நான்தானே என்றேன். யோசித்துவிட்டு, டம்மி என்ன விலை என்றார்கள். கொட்டேஷன் வாங்கிக் கொடுத்தேன். சிப்காட்டில் இருக்கிற மற்ற ஆலை நர்ஸுகளுக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன், வாங்கினால் நாங்களும் வந்து பழகுகிறோம் என்கிறார்கள். வெளிக் கம்பெனி ஆட்களுக்கு கேட் பாஸ் கொடுப்பது கஷ்டம் என்று ஹெச்ஆர். சரி, டம்மியைக் கம்பெனி ஆம்புலன்ஸில் ஏற்றி நாங்களே ஒவ்வோர் ஆலையாகக் கொண்டுபோகிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். டம்மிக்குக் கையெழுத்து ஆகிவிட்டது, வண்டிக்கு இன்னும் ஆகவில்லை.