302 அடிங்க சார்: கன்டெய்னர் கிளஸ்டருக்கு வெளியிலிருந்து கனெக்ட் ஆவது எப்படி?

அம்பத்தூரில் எங்கள் அபார்ட்மென்ட் செக்யூரிட்டியிடம் செக்ரட்டரி நம்பர் கேட்டால், "302 அடிங்க சார்" என்பார். வீட்டு இன்டர்காமில் அடித்தால் மணி அடிக்கும். ஆவடியில் நின்றுகொண்டு மொபைலில் 302 அடித்தால்? நம்பர் தப்பில்லை. காம்பவுண்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் நம்பர், அவ்வளவுதான்.

போன வாரம் இரண்டு ராத்திரி என் தூக்கத்தைக் கெடுத்தது இந்த 302தான்.

வீட்டு சர்வரில் பழகிப் பார்க்க ஒரு மாங்கோடிபி ரெப்ளிகா செட் போட்டேன். டாக்கரில் மூன்று கன்டெய்னர்: மாங்கோ1, மாங்கோ2, மாங்கோ3. உள்ளே மூன்றுக்கும் 27017 போர்ட். வெளியே 27017, 27018, 27019 என்று திறந்துவிட்டேன். லேப்டாப்பிலிருந்து சர்வர் ஐபி கொடுத்து கனெக்ட் செய்தால், 30 விநாடி தொங்கிவிட்டு, "மாங்கோ1 என்ற பெயரைக் கண்டுபிடிக்க முடியவில்லை" என்று எரர். நான் கொடுத்தது ஐபி. மாங்கோ1 எங்கிருந்து வந்தது?

கிளஸ்டரே சொன்னது. நாம் கொடுக்கும் முகவரி, முதல் விசாரணைக்கு மட்டும்தான். டிரைவர் அங்கே போய் "உங்கள் குழுவில் யார் யார்?" என்று கேட்கும். செட்டை உருவாக்கும்போது நாம் எழுதிய பட்டியல் அப்படியே பதிலாக வரும். அதன்பிறகு டிரைவர் அந்தப் பெயர்களைத்தான் நம்பும். மாங்கோ1 என்ற பெயரோ டாக்கர் நெட்வொர்க்குக்குள் மட்டுமே தெரியும்.

சரி, பட்டியலில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதினால்? ஒவ்வொரு கன்டெய்னருக்கும் லோக்கல்ஹோஸ்ட் என்றால் தான்தான். மூவரும் ஒருவரையொருவர் தேடிக் காணாமல் போவார்கள்.

தேடினால் முதலில் கிடைக்கும் வைத்தியம், டைரக்ட்கனெக்‌ஷன்=ட்ரூ. உடனே வேலை செய்யும். ஆனால் டிரைவர் பட்டியலைப் பார்க்காது, அந்த ஒரே நோடோடு ஒட்டிக்கொள்ளும். முன்பு ஒரு வேலையில் நானே இதைப் போட்டுவிட்டு வந்தேன். ஒரு ராத்திரி ப்ரைமரி வேறு நோடுக்கு மாறியது. கிளஸ்டர் நன்றாகத்தான் இருந்தது. காலை வரை ஒரு பதிவும் ஏறவில்லை. மூன்று நோடு வைத்ததே எதற்காகவோ, அதையே அந்த ஒரு வார்த்தை அணைத்துவிட்டது. ஒரு நோடை மட்டும் தனியாகச் சோதிக்க அது சரி, அப்ளிகேஷனுக்கு வேண்டாம்.

சரியான வழி, உள்ளேயும் வெளியேயும் ஒரே பெயர், ஒரே போர்ட்:

1. மூன்று மாங்கோவும் உள்ளேயே 27017, 27018, 27019 என்று தனித்தனி போர்ட்டில் ஓடட்டும்.
2. வெளியேயும் அதே எண்களைத் திறந்துவிடுங்கள்.
3. பட்டியலில் மாங்கோ1:27017, மாங்கோ2:27018, மாங்கோ3:27019 என்று எழுதுங்கள்.
4. லேப்டாப்பின் ஹோஸ்ட்ஸ் ஃபைலில் மூன்று பெயருக்கும் சர்வர் ஐபியைக் கொடுங்கள். பலர் பயன்படுத்துவதென்றால் டிஎன்எஸ்.

இப்போது ஒரு கன்டெய்னரை நிறுத்திப் பாருங்கள். டிரைவர் தானே புது ப்ரைமரியைத் தேடிப் போகும். இந்தச் சோதனை செய்யாமல் "கனெக்ட் ஆயிடுச்சு" என்று எழுந்துவிடாதீர்கள்.

ரெடிஸ் கிளஸ்டரிலும் இதே கதை. 16384 ஸ்லாட்டில் நீங்கள் கேட்ட கீ வேறு நோடில் இருந்தால், "அங்கே போ" என்று அது உள் ஐபியைக் கொடுக்கும். வெளி முகவரியைச் சொல்ல வைக்க கிளஸ்டர்-அனவுன்ஸ்-ஐபி என்ற செட்டிங் உண்டு.

ஆக, கனெக்‌ஷன் தொங்கினால் ஃபயர்வாலைத் திட்டுவதற்கு முன், கிளஸ்டர் தன் விலாசமாக எதைச் சொல்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் 302 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கும்.