சங்ககிரி வாள் என்று யாராவது நீட்டினால்

சேலத்திலிருந்து ஈரோட்டுப் பக்கம் போகிறவர்கள் சங்ககிரி மலையைப் பார்க்காமல் போக முடியாது. அடிவாரத்திலிருந்து உச்சிவரை மதில்மேல் மதிலாக ஏறிப்போகும் கோட்டை அது. தீரன் சின்னமலை 1805-இல் தூக்கிலிடப்பட்டது இங்கேதான். நாமக்கல்லில் ஊர் நடுவே நிற்கும் ஒற்றைப் பாறையின் தலையில் இன்னொரு கோட்டை. 1792-இல் கிழக்கிந்தியக் கும்பினியார் கைக்கு மாறும்வரை இந்தச் சீமை ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்ட மண்.

இப்படிப்பட்ட ஊரில் துருவேறிய வாள் ஒன்று விலைக்கு வந்தால், அதோடு ஒரு பெயரும் ஒட்டிக்கொண்டு வருவது எளிது. சின்னமலை காலத்து வாள், திப்புவின் தளபதி பிடித்த வாள், கோட்டை இடிபாட்டில் கிடைத்த வாள். வாங்குகிறவர் முதலில் செய்ய வேண்டியது, அந்தப் பெயரை ஓரமாக வைத்துவிட்டு இரும்பைப் பார்ப்பது.

பெயருக்கு மதிப்பே இல்லையா என்றால், உண்டு. 2023 மே மாதம் லண்டனில் போன்ஹாம்ஸ் நிறுவனம் திப்புவின் வாள் ஒன்றை 1 கோடியே 40 லட்சம் பவுண்டுக்கு ஏலம் விட்டது. திப்புவின் தலைநகர் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த 1799-இல் அரண்மனைப் படுக்கையறையில் கிடைத்தது அந்த வாள். தாக்குதலை நடத்திய பிரிட்டிஷ் தளபதி டேவிட் பெயர்டுக்குப் படையினர் அதைப் பரிசாகக் கொடுத்த செய்தி வாளிலேயே பொறிக்கப்பட்டிருக்கிறது. பிறகு அது பெயர்டு குடும்பத்திலேயே பல தலைமுறை இருந்தது. இன்னார் கையிலிருந்து இன்னார் கைக்கு என்று இடைவெளி இல்லாமல் சொல்ல முடிந்ததற்குத்தான் அந்த விலை. எழுத்து ஆதாரம் இல்லாமல் “எங்க தாத்தா சொன்னாருங்க” என்பதற்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

இரும்பைப் பார்ப்பது என்றால், அதற்குச் சேலத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. கஞ்சமலையின் காந்தக்கல் இரும்புத் தாதை உருக்கி எஃகு செய்த உலைகள் இந்தச் சீமையில் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் எரிந்தன. இங்கே கிடைத்த தாதை நம்பித்தான் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர் 1830-களில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தினார். நம் கொல்லர்களின் முறையை அவர் எழுதியும் வைத்தார். இரும்புத் துண்டுகளோடு ஆவாரங்கட்டையைச் சிறிது நறுக்கிப் போட்டு, எருக்கிலையால் மூடி, உருக்கும் கலமான களிமண் குகையின் வாயைப் பூசி அடைத்து, துருத்தி ஊதி மணிக்கணக்கில் காய்ச்சுவார்கள். கட்டையிலும் இலையிலும் உள்ள கரி இரும்பில் ஏறி எஃகாகும். உலகம் ‘வூட்ஸ்’ என்று அழைத்தது இதைத்தான். தமிழின் உருக்கு, கன்னடத்தின் உக்கு என்ற சொல்தான் அப்படித் திரிந்தது என்பது ஆய்வாளர் பலரின் கருத்து.

இந்த எஃகில் அடித்த வாளின் அலகில் தண்ணீர் அலைபோல் மெல்லிய கோடுகள் ஓடும். வெளியிலிருந்து வரைந்த கோடுகள் அல்ல அவை. உலோகத்தின் உள்ளேயே கார்பைடு துகள்கள் வரிசைகட்டி நிற்பதால் வருபவை. தாதில் கலந்திருக்கும் வனேடியம் போன்ற தனிமங்களின் மிகச் சிறிய அளவுதான் அந்த வரிசைக்குக் காரணம் என்று அமெரிக்க உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவன் காட்டினார்.

போலி செய்கிறவர்கள் முதலில் கை வைப்பதும் இந்தக் கோட்டில்தான். சாதாரண இரும்புத் தகட்டில் மெழுகு பூசி, கோடு கிழித்து, அமிலம் ஊற்றினால் அலை வந்துவிடும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரியும். அமிலத்தில் அரித்த கோடு மேல்தோலோடு நின்றுவிடும், ஒரே அச்சு திரும்பத் திரும்ப வரும். உண்மையான கோடு அலகின் முதுகிலும் விளிம்பிலும்கூடத் தொடரும். ஆனால் குகை எஃகை இன்றும் சில கைவினைஞர்கள் செய்கிறார்கள் என்பதால், கோடு உண்மையாக இருப்பதாலேயே வாள் பழையது என்று ஆகிவிடாது.

துரு இன்னும் அதிகம் ஏமாற்றும். சேலம், நாமக்கல் பக்கம் முனியப்பன் கோயில்களில் நேர்த்திக்கடனாக நட்ட அரிவாள்களையும் வேல்களையும் பார்த்தவர்களுக்கு இது தெரியும். வெயிலிலும் மழையிலும் நிற்கும் இரும்பு சில ஆண்டுகளிலேயே நூறு வயதுத் தோற்றம் காட்டும். உப்பும் அமிலமும் சேர்ந்தால் சில நாட்களே போதும். அப்படி அவசரத்தில் ஏற்றிய துரு செம்மஞ்சளாக இருக்கும், விரலில் ஒட்டும், எல்லா இடத்திலும் ஒரே சீராகப் படர்ந்திருக்கும். காலத்தால் வந்த துரு கருத்து, இறுகி, ஓரிடத்தில் ஆழமாகவும் ஓரிடத்தில் மேலோட்டமாகவும் கிடக்கும். கை படும் இடம் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும். கைப்பிடி புதுக்கருக்கோடு இருந்து அலகு மட்டும் அரித்துப் போயிருந்தால் சந்தேகப்படுவதே முறை.

அடுத்து கைப்பிடியின் உட்பக்கம். நம் நாட்டு வாள்கள் பலவற்றில் அலகின் வால்பகுதியைக் கைப்பிடிக்குள் செருகி அரக்கு ஊற்றி இறுக்குவார்கள். அந்த இடத்தில் புதுப் பசையோ, மின்பற்றவைப்பின் கரணையோ, எந்திரச் சாணையின் ஒரே சீரான கீறலோ தெரிந்தால் வேலை அண்மையில் நடந்திருக்கிறது. பிற்காலத்துப் பழுதுபார்ப்பாகவும் அது இருக்கலாம், எனவே விற்பவரிடம் கேட்க வேண்டும். அலகின் கனத்தையும் விரலால் தடவிப் பார்க்கலாம். போருக்கு அடித்த அலகு பெரும்பாலும் பிடியருகே தடித்து நுனி நோக்கி மெலியும். அலங்காரத்துக்குத் தகட்டில் வெட்டிய வாள் முழுக்க ஒரே கனமாக இருக்கும்.

துருவே ஏறாமல் பளபளக்கும் ‘அரண்மனை வாள்’ துருப்பிடிக்காத எஃகு என்றால் பேச்சே தேவையில்லை. அந்த எஃகை ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி உருவாக்கியது 1913-இல்.

அலகில் பொறித்த பட்டறை முத்திரையை நம்புகிறவர்கள் தஞ்சாவூர்க் கட்டாரியை நினைத்துக்கொள்வது நல்லது. தஞ்சை அரண்மனை ஆயுதசாலையில் இருந்த கட்டாரிகள் பலவற்றுக்கு ஐரோப்பிய வாள் அலகைத்தான் வெட்டிப் பொருத்தியிருக்கிறார்கள். அந்த நாளில் ஐரோப்பிய அலகுக்கு அவ்வளவு மவுசு. அதனால் பேர்பெற்ற ஐரோப்பியப் பட்டறைகளின் முத்திரையை அன்றைக்கே மற்றவர்கள் பார்த்துப் பொறித்தார்கள். ஆகவே வெளிநாட்டு அலகும் உள்நாட்டுப் பிடியும் சேர்ந்திருப்பது போலிக்கு அடையாளம் அல்ல. முத்திரை இருப்பது உண்மைக்குச் சான்றும் அல்ல. தஞ்சை ஆயுதங்கள் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. வாங்க நினைக்கிறவர் ஒரு பகல் முழுக்க அங்கே நின்று பார்த்துவிட்டு வந்தால், கண் பழகும். எந்தப் புத்தகமும் அவ்வளவு கற்றுத்தராது.

சட்டத்தையும் தெரிந்துகொண்டே பணத்தை எடுக்க வேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட ஆயுதம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள். அதை வியாபாரமாக விற்க உரிமம் வேண்டும், தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. வாள், ஈட்டி, துப்பாக்கி எதுவானாலும் 1959 ஆயுதச் சட்டமும் குறுக்கே வரும் என்பதால் காவல் நிலையத்தில் கேட்டுத் தெளிவது நல்லது. கோயிலிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால், அது பெருமை அல்ல, திருட்டாக இருக்கலாம் என்ற எச்சரிக்கை. கிணறு வெட்டும்போதோ காடு உழும்போதோ கிடைத்ததாக இருந்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையலுக்கும் அது பொருந்தும்.

வீட்டுப் பரணில் பழைய வாளோ கட்டாரியோ இருந்தால் ஒன்று மட்டும் செய்யாதீர்கள். ஆயுதபூசைக்குப் பளபளப்பாக்குகிறேன் என்று உப்புத்தாளையும் அமிலத்தையும் எடுக்காதீர்கள். அலையோடும் கோடு மறைந்துவிடும்; எழுத்து, கருந்துரு, பிடியின் இடுக்கில் படிந்த சந்தனம் எல்லாம் தேய்ப்பில் போய்விடும், பிறகு நிபுணருக்கும் அதன் வயதைச் சொல்வது கடினம். உலர்ந்த துணியில் சுற்றி, சேலம் அரசு அருங்காட்சியகத்தில் ஒருமுறை காட்டுங்கள்.