மலையில் போன மண் குளத்தில் என்ன செய்கிறது?

ஹல்துமுல்லைச் சரிவுகளில் ஒரு பெருமழை பெய்து ஓய்ந்ததும் ஓடைகளைப் பாருங்கள். பால் கலந்த தேநீர் போல ஓடும். "நம்ம மண்ணுதான் போகுது, என்னங்க செய்யிறது?" என்று மரக்கறி செய்யும் எமது மக்கள் சொல்லிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள். 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி மீரியபெத்தையில் மலையே சரிந்து லயங்களை மூடியதைக் கண்டவர்களுக்கு, ஒரு மழையில் போகும் நாலு கூடை மண் பெரிதாகத் தெரியாதுதான். ஆனால் இடம்பெயர்ந்து வந்து, கிடைத்த சிறு துண்டு நிலத்தில் போஞ்சியும் கரட்டும் போட்டுப் பிழைக்கும் குடும்பத்துக்கு அந்த நாலு கூடைதான் சொத்து. அது எங்கே போகிறது?

பம்பரகந்தை நீர்வீழ்ச்சியில் விழும் நீர் வளவை கங்கையில் சேர்ந்து உடவளவை நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. கொஸ்லந்தைப் பக்கம் தியலுமவில் விழுவது கிரிந்தி ஓயா வழியாக லுணுகம்வெஹெரவை அடைகிறது. ஓட்டம் தணிந்த இடத்தில் மண் அடியில் படிகிறது. இதையே அடையல் என்கிறோம். மகாவலியில் 1976இல் கட்டி முடிக்கப்பட்ட பொல்கொல்லை நீர்த்தேக்கம், 1988ஆம் ஆண்டளவில் தன் கொள்ளளவில் 44 சதவீதத்தை அடையலுக்கு இழந்திருந்தது. மலைநாட்டு மண் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதை இதிலிருந்தே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இறங்குகிற மண் வெறுங்கையோடு போவதில்லை. நாம் காசு கொடுத்து வாங்கிப் போட்ட உரத்தின் பொசுபரசு அதோடு ஒட்டிக்கொண்டு போகிறது. எமது செம்மண்ணில் இரும்பு அதிகம். இரும்பு பொசுபரசை இறுகப் பிடித்துக்கொள்ளும். குளத்தின் அடிநீரில் ஒட்சிசன் உள்ளவரை இந்தப் பிடி தளராது. இலை, சாணம், செத்த பாசி எல்லாம் அடியில் அழுகும்போது பற்றீரியாக்கள் அந்த ஒட்சிசனைத் தின்று தீர்த்துவிடுகின்றன. அப்போது இரும்பு கரைகிறது. பொசுபரசு விடுபட்டு மேலே வருகிறது. இங்கிலாந்தின் ஏரிகளை ஆராய்ந்த மோர்ட்டிமர் என்பவர் 1941, 1942ஆம் ஆண்டுகளிலேயே இதை விளக்கியிருக்கிறார்.

ஆக, அடிச்சேறு பழைய உரத்தைச் சேமித்து வைத்துக் கொஞ்சங் கொஞ்சமாகக் கொடுக்கும் களஞ்சியம். சுவீடனில் ட்ரும்மென் என்ற ஏரிக்குள் நகரக் கழிவுநீர் விடுவதை 1950களின் இறுதியில் நிறுத்தினார்கள். பத்து வருடம் கழிந்தும் ஏரி தேறவில்லை. 1970, 1971ஆம் ஆண்டுகளில் அடிச்சேற்றை உறிஞ்சி அகற்றிய பிறகே நீர் தெளிந்தது. இன்று உரத்தைக் குறைத்தால் நாளைக்கே குளம் தெளியும் என்று எவராவது சொன்னால் நம்பவேண்டாம்.

சேற்றை முற்றாக எதிரியாக்குவதும் நியாயமல்ல. ஒட்சிசன் இல்லாத அதே சேற்றில் வாழும் வேறு பற்றீரியாக்கள், உரத்திலிருந்து வந்த நைத்திரேற்றை நைதரசன் வாயுவாக்கிக் காற்றுக்கே திருப்பி அனுப்புகின்றன. பொசுபரசுக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. தண்ணீரோடு வழிந்து போகாதது குளத்திலேயே சுற்றுகிறது.

சுற்றினால் என்ன? நீர் பச்சையாகிறது. 1991இல் கொத்மலை நீர்த்தேக்கத்திலும், 1999இல் கண்டி வாவியிலும் பச்சைச் சாயம் கரைத்தது போலப் படர்ந்த நீலப்பச்சை அல்காவைப் பலர் பார்த்திருப்பீர்கள். இவற்றில் சில இனங்கள் ஈரலைத் தாக்கும் நஞ்சை உண்டாக்குகின்றன. முக்கியமாக ஒன்றைத் தாய்மார் கவனிக்கவேண்டும்: இந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. அப்படிப் படர்ந்த நீரைக் குடிக்கவோ சமைக்கவோ எடுக்காதீர்கள், மாட்டுக்கும் காட்டாதீர்கள்.

அடியில் சேர்ந்ததை எடுப்பது பெருஞ்செலவு. மேலே மறிப்பது எமது கையில் உள்ள வேலை. வரண்ட பிரதேசத்துப் பழைய குளங்களைக் கட்டியவர்கள் இதை அறிந்திருந்தார்கள். நீர் குளத்துக்குள் நுழையும் முகப்பில் 'பெரஹன' என்ற புல்வெளியை வளரவிட்டார்கள். புல் மண்ணை வடித்து வைத்துக்கொள்ளும். தோட்டத்தில் கான் வெட்டிப் பழகிய கைகளுக்கு இதில் புதிதாகப் படிக்க அதிகமில்லை. சரிவுக்குக் குறுக்கே கான், கானுக்குள் இடையிடையே மண் தடுப்பு, ஓடைக்கரையில் நாலைந்து அடி அகலத்துக்குப் புல். கானில் தேங்கும் மண்ணை மழை விட்டதும் அள்ளித் திரும்பப் பாத்தியிலேயே போடுங்கள். அதில் உங்கள் உரமும் இருக்கிறது. மழை இருட்டிக்கொண்டு நிற்கும்போது உரம் போடுவது ஓடைக்குப் போடுவதுதான்.

தமிழகத்தில் கோடையில் வற்றிய குளத்து வண்டலை வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பது பழைய வழக்கம். எங்கள் பக்கத்துச் சிறு குளங்களுக்கும் அது பொருந்தும், அனுமதி பெற்றுச் செய்தால். பட்டினத்துச் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவும் கலக்கும் வாவியின் சேறு மட்டும் வேண்டாம். ஈயம் போன்ற பார உலோகங்கள் அதில் இருக்கக்கூடும். அவை கீரையிலும் கிழங்கிலும் ஏறும்.