உஷார்! மனசுக்கு இருபத்தஞ்சு, முழங்காலுக்கு நாற்பத்தெட்டு

சனிக்கிழமை காலை பத்து மணிவாக்கில் ஆரோவிலை ஒட்டிய பொம்மையார்பாளையம் பக்கம் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் நின்று பாருங்கள். சென்னைப் பதிவெண் கார்கள் ஒவ்வொன்றாக ஓரங்கட்டும். கதவு திறக்கும். முதலில் ஒரு கால் தரையைத் தொடும். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. மூன்று மணி நேரம் மடங்கிக் கிடந்த இடுப்பு நிமிர வேண்டுமே! பிறகு கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, 'அப்பாடா' என்ற சத்தத்தோடு மீதி ஆள் வெளியே வருவார். வயது நாற்பத்தைந்து, நாற்பத்தெட்டு இருக்கும். அதே மனிதர் அரை மணி கழித்து வாடகை சைக்கிளில் காட்டுப் பாதையை மிதித்துக்கொண்டிருப்பார். இல்லையென்றால் அலைச்சறுக்குப் பலகையும் கையுமாக செரினிட்டி கடற்கரையில் இறங்கியிருப்பார்.

உஷார்! அந்த அரை மணியில் இருபது வயது குறைந்தது அவர் மனசுக்குத்தான். உடம்புக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை.

மூப்பு தலைநரையில் ஆரம்பிக்கிற சமாச்சாரம் என்று நினைத்து, டை பாக்கெட்டோடு நாம் எதிர்த்துப் போராடிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது முப்பதுகளிலேயே சத்தமில்லாமல் வேலையைத் தொடங்கிவிடுகிறது. முப்பதுக்கு மேல் பத்தாண்டுக்கு மூன்றிலிருந்து எட்டு சதவீதம் வரை தசை கரைகிறது. கடுமையாக உழைக்கும்போது உடம்பு எடுத்துப் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு, உட்கார்ந்தே வேலை பார்ப்பவர்களுக்குப் பத்தாண்டுக்குச் சுமார் பத்து சதவீதம் இறங்குகிறது. இதயம் அதிகபட்சம் எத்தனை துடிக்கலாம் என்பதற்கு 220-லிருந்து வயதைக் கழி என்பது பழைய தோராயக் கணக்கு. அதன்படி இருபத்தைந்தில் 195, நாற்பத்தெட்டில் 172. இதில் எதுவும் அலுவலக நாற்காலியில் தெரியாது. லிஃப்ட் இருக்கிறது, கார் இருக்கிறது, சாப்பாடு வாசலுக்கே வருகிறது. உடம்பிடம் நாம் எதையும் கேட்பதேயில்லை. அதனால் அது முடியாது என்று சொன்னதுமில்லை. கேட்கிற முதல் நாளில்தான் பதில் கிடைக்கும். பலருக்கு அந்த முதல் நாள் ஆரோவிலில் வாய்க்கிறது.

கொஞ்சம் பழியை இடத்தின் மேலும் போடலாம். 1968 பிப்ரவரி 28 அன்று 124 நாடுகளின் மண்ணை ஒரு தாழியில் இட்டு ஆரோவிலைத் தொடங்கியபோது வாசித்த சாசனம், மூப்படையாத இளமைக்கு இது இடமாக இருக்கும் என்கிறது. அதை எழுதிய அரவிந்தர் ஆசிரமத்து அன்னைக்கு அப்போது 90 வயது முடிந்து ஒரு வாரம். விழாவுக்கு அவர் நேரில் வரவில்லை. புதுச்சேரியில் தன் அறையில் இருந்தபடியே பிரெஞ்சு மொழியில் வாசித்தார். வானொலி அதை ஒலிபரப்பியது. எண்பது வயது வரை டென்னிஸ் ஆடியவர் என்று அவரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைதான். ஆனால் எழுபதில் ஆடியவர் எண்பதில் ஆடினார். கல்லூரியோடு மட்டையைப் பரணில் போட்டுவிட்டு நாற்பத்தெட்டில் தூசு தட்டி எடுத்தவர் அல்ல. சாசனம் சொல்லும் இளமை எது என்பதை ஆன்மிகம் அறிந்தவர்கள் விளக்கட்டும். முழங்கால் ஜவ்வைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

பிப்ரவரியில் நடக்கும் ஆரோவில் மாரத்தானுக்கு வருவோம். 2008-ல் தொடங்கிய ஓட்டம் இது. செம்மண் பாதை, இரு பக்கமும் மரம். போட்டி கிடையாது, பரிசு கிடையாது. சந்தோஷத்துக்காக ஓடு என்பதுதான் ஏற்பாடு. இதைவிட நல்ல ஏற்பாடு நாட்டில் அதிகம் இல்லை என்பேன். ஆபத்தை நாம்தான் கையோடு கொண்டுபோகிறோம். அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இணைப்பைப் போடுவார். 'மச்சி, இருபத்தோரு கிலோமீட்டர்தானே, காலேஜ்ல கிரவுண்டைச் சுத்தாத சுத்தா?' என்று இன்னொருவர் உசுப்பிவிடுவார். பெயர் கொடுத்தாயிற்று. டிசம்பரில் மழை, ஜனவரியில் பொங்கல், நடுவில் மச்சினன் வீட்டு விசேஷம். பயிற்சி என்று எடுத்தது புது ஷூவைப் போட்டுப் பார்த்தது மட்டும். பிப்ரவரி விடியலில் நம் ஆள் கூட்டத்தோடு கூட்டமாக நிற்பார்.

2000-லிருந்து 2010 வரை அமெரிக்காவில் மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய ஒரு கோடியே ஒன்பது லட்சம் பேரின் கணக்கை ஆராய்ந்து 2012-ல் வெளியிட்டார்கள். 59 பேருக்கு இதயம் நின்றுபோனது. அவர்களில் 42 பேர் பிழைக்கவில்லை. 51 பேர் ஆண்கள். சராசரி வயது 42. பெரும்பாலானவை கடைசிக் கால்பங்கு தூரத்தில் நடந்தவை, அதாவது 'இன்னும் கொஞ்ச தூரம்தான்' என்று பல்லைக் கடித்து ஓடும் இடத்தில். ஒரு கோடியில் 59 பெரிய எண் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஓட்டத்தைக் கண்டு யாரும் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது 1993-ல் வந்த இன்னொரு கணக்குக்கு. மாரடைப்பு வந்த ஆயிரத்துச் சொச்சம் பேரிடம், அதற்கு முந்தைய மணி நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார்கள். வாரத்தில் ஐந்து நாளாவது வியர்க்க உழைத்துப் பழகியவருக்கு, கடும் உழைப்பை ஒட்டிய ஒரு மணி நேரத்தில் மாரடைப்பு அபாயம் சுமார் இரண்டரை மடங்கு கூடியது. உழைத்தே பழகாதவருக்கு? 107 மடங்கு. தட்டச்சுப் பிழை இல்லை, நூற்றேழுதான்.

அதனால்தான் சொல்கிறேன், நாற்பத்தெட்டு வயது குற்றமே இல்லை. 'திடீர்'தான் குற்றவாளி.

நமக்கு இன்னொரு சுமையும் உண்டு. தெற்காசியர்களுக்கு முதல் மாரடைப்பு சராசரியாக 53 வயதில் வருகிறது, மற்ற நாட்டவருக்கு ஏறத்தாழ 59-ல் என்று பல நாடுகளை ஒப்பிட்ட இண்டர்ஹார்ட் ஆய்வு காட்டியது. ஐந்தாறு வருடம் நாம் முந்திக்கொள்கிறோம். கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று, உடற்பயிற்சிக்குப் பின் உடம்பு சரியில்லை என்று மருத்துவரிடம் போனவர், அன்றே மறைந்தார். வயது 46. கட்டான உடம்புக்காரர். அடுத்த சில நாட்கள் பெங்களூரு ஜெயதேவா இதய மருத்துவமனையில் பரிசோதனைக்குக் கூட்டம் தாங்கவில்லை. அதற்கப்புறம் வழக்கம்போல மறந்துபோனோம்.

நேர்மாறான ஆளும் நம்மிடமே இருக்கிறார். தி.மு.க. அரசியல்வாதி மா.சுப்பிரமணியன் 2004-ல் கார் விபத்தில் முழங்கால் நொறுங்கியவர், சர்க்கரை நோயாளி. ஐம்பதைத் தாண்டிய பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட அரை மாரத்தான்களை ஓடி முடித்தார். அவருடைய கட்சியைப் பிடிக்கிறதோ இல்லையோ, காலைப் பிடித்துத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் தினசரி விடியற்காலை ஓட்டம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு எண்ணிக்கையை மட்டும் பார்த்து உணர்ச்சிவசப்படக் கூடாது.

சரி, ஓடவே இல்லை, சும்மா காலார நடக்கத்தான் வந்தேன் என்பவருக்கும் உஷார். ஆரோவிலுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றி மண்ணை உணர்வது ஒரு மோகம். பத்து வருடமாகச் சர்க்கரை இருப்பவருக்குப் பாதத்தில் உணர்ச்சி மங்கியிருக்கலாம். அவருக்கே அது தெரிந்திருக்காது. ஏப்ரல் மதியத்துக் கடற்கரை மணலில் நாலு எட்டு வைத்தால் கொப்புளம் வரும், வலி வராது. செம்மண் பாதையின் சரளைக்கல் கீறும், தெரியாது. ஞாயிறு இரவு வீட்டில் காலைக் கழுவும்போது மனைவி பார்த்துக் கத்தினால்தான் தெரியும். இப்படித் தொடங்கும் புண் எங்கே போய் முடியும் என்பதை எந்தச் சர்க்கரை நோய் மருத்துவரிடம் கேட்டாலும் சொல்வார். வெறுங்கால் ஆசை இருந்தால் முதலில் பாதத்தைப் பரிசோதித்துக்கொண்டு வாருங்கள்.

பிள்ளைகளோடு ஃபிரிஸ்பீ ஆடுகிறேன் என்று திடீரென்று எகிறும் அப்பாக்களுக்குக் குதிகாலின் மேல் இருக்கும் தடித்த நாண் அறுந்துபோவது உண்டு. முப்பதிலிருந்து ஐம்பது வயது ஆண்கள்தான் இதற்கு வாடிக்கையாளர்கள். பின்னாலிருந்து யாரோ உதைத்ததாகத் தோன்றித் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.

கடலோ இன்னும் மோசம். 1980-களின் கடைசியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் கட்டியதிலிருந்து வடக்கே கோட்டக்குப்பம், தந்திராயன்குப்பம் வரை கடல் கரையைத் தின்றுகொண்டிருக்கிறது. தடுக்கக் கருங்கல் கொட்டியிருக்கிறார்கள். அந்தக் கல்லில் பாசி. இருபதில் சறுக்கினால் உடம்பு தானே சமாளித்துக்கொள்ளும். ஐம்பதில் அந்தச் சமாளிப்பு ஒரு கணம் தாமதமாக வருகிறது, அந்த ஒரு கணத்தில் மணிக்கட்டு உடைகிறது. மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு எலும்பு வேகமாக இளைக்கும் காலம் வேறு. படம் எடுக்கக் கல் மேல் ஏறச் சொல்லும் கணவரைக் கல் மேல் நிற்க வைத்து நீங்கள் படம் எடுங்கள். அவர் மட்டும் வழுக்க மாட்டார் என்று நான் சொல்லவில்லை. நீரோட்டம் உள்ளே இழுத்தால் கரையை நோக்கி மல்லுக்கட்டி நீந்துவதும் பழைய தோள் இருந்தபோது செய்யக்கூடிய காரியம். கரைக்கு இணையாக நீந்தி வெளியேறுங்கள். அந்தப் பகுதி மீனவர் 'இன்னைக்கு இறங்காதீங்க சார்' என்று சொன்னால் இறங்காதீர்கள்.

இப்போது கொஞ்சம் வடக்கே, மரக்காணம். சைக்கிள் குழுக்கள் சென்னையிலிருந்து வரும் வழியில் உப்பளங்களுக்கு நடுவே நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடம். வெள்ளைப் பாத்திகள், பின்னால் கழுவேலி ஏரி. பார்க்க அழகுதான். அந்தப் பாத்திகளில் உப்பு வாரும் பெண்களைக் கேட்டுப்பாருங்கள். மேலே வெயில், கீழேயிருந்து உப்பு திருப்பியடிக்கும் வெளிச்சம், நிழல் என்று ஒன்று கண்ணுக்கெட்டிய தூரம் இல்லை. ஒதுங்க இடமில்லையே என்று தண்ணீரையே குறைத்துக் குடிப்பவர்கள் உண்டு. ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தின் வித்யா வேணுகோபால் குழு தமிழக உப்பளங்களில் 350-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைப் பரிசோதித்தது. பத்தில் ஏறத்தாழ ஒன்பது பேர் பாதுகாப்பு வரம்பைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்தார்கள். நூற்றுக்கு ஏழு பேருக்குச் சிறுநீரகம் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. ஆண்டுக்கணக்கில் அந்த வெயிலுக்குப் பழகிய உடம்புகள் அவை. அவர்களுக்கு வயது முன்கூட்டியே வந்துவிடுகிறது, 'எனக்கு இளமை போய்விட்டது' என்று கட்டுரை எழுத யாரும் இல்லை.

அதே வெயிலில் குளிர்சாதன அறையிலிருந்து வந்தவர் என்ன செய்கிறார்? வயது ஏற ஏறத் தாகம் தாமதமாகத்தான் எடுக்கும். அதனால் தண்ணீர் போதும் என்று நினைக்கிறார். முழங்கால் வலிக்கக் கூடாது என்று கிளம்பும் முன் மெடிக்கலில் ஒரு டைக்ளோஃபெனாக் வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறார். பிரஷர் மாத்திரை ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. அதில் நீர் பிரியும் மருந்தும் சேர்ந்திருக்கலாம். நீர் வற்றிய உடம்பு, வலி மாத்திரை, பிரஷர் மாத்திரை மூன்றும் சேர்ந்தால் அடி சிறுநீரகத்துக்குத்தான். இதை அழுத்திச் சொல்கிறேன்: ஓட்டத்துக்கோ நீண்ட சைக்கிள் பயணத்துக்கோ முன்னால் வலி மாத்திரை போடாதீர்கள். வலிதான் உங்களுக்கு மிச்சமிருக்கும் ஒரே காவல்காரன்.

புதுச்சேரிப் பக்கம் வர இன்னொரு காரணமும் உண்டு, மது. அதைப் பற்றி உங்களுக்குப் பாடம் எடுக்கப்போவதில்லை. இரவு அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு விடிகாலையில் ஓடினால் இதயத் துடிப்பு தாளம் தப்பலாம் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன். குடிக்காதவருக்கும் இரவில் கார் ஓட்டித் திரும்புவது ஆபத்துதான். அறுபது வயதுக் கண்ணின் உட்திரைக்குப் போய்ச் சேருவது இருபது வயதுக் கண்ணுக்குக் கிடைக்கும் வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான். எதிரே வரும் லாரியின் விளக்கு அதையும் மழுங்கடிக்கும்.

எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ள ஆயிரக்கணக்கில் செலவழிக்க வேண்டாம். ஆரோவில் பக்கத்திலேயே இரும்பை மாகாளேஸ்வரர் கோயில் இருக்கிறது, தேவாரம் பெற்ற தலம். சாமி கும்பிட்டுவிட்டு மண்டபத்தில் சம்மணமிட்டு உட்காருங்கள். பிறகு கையை ஊன்றாமல், தூணைப் பிடிக்காமல், முட்டியைத் தரையில் வைக்காமல் எழுந்து பாருங்கள். பக்கத்தில் ஆள் இருக்கட்டும். பிரேசில் மருத்துவர் கிளாடியோ கில் அராஉஜோ இந்தச் சோதனையைத்தான் ஐம்பது தாண்டிய இரண்டாயிரம் பேருக்கு வைத்தார். எழத் திணறியவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் அதிகமாக இறந்தார்கள். அடுத்து ஒற்றைக் காலில் பத்து விநாடி. 2022-ல் வந்த அவர் குழுவின் ஆய்வில் 51 முதல் 75 வயதுக்காரர்களில் ஐந்தில் ஒருவரால் அது முடியவில்லை. பந்தியில் தரையில் உட்கார்ந்து சாப்பிட்ட காலத்தில் அந்த எழும் சோதனையை நாம் தினமும் பாஸ் செய்துகொண்டிருந்தோம்.

தோற்றால் ஊரைவிட்டு ஓட வேண்டாம். மூன்று, நான்கு மாதம் ஒதுக்கி நடையில் தொடங்குங்கள். வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள். நாற்பது தாண்டியிருந்தால், அல்லது வீட்டில் யாருக்காவது இளவயதில் நெஞ்சுவலி வந்திருந்தால், பிரஷர், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் பார்த்துக்கொண்டு மருத்துவரிடம் கேட்டுவிட்டு மாரத்தானுக்குப் பெயர் கொடுங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் பாதையில் நெஞ்சு இறுகினால், தாடையோ இடது தோளோ கனத்தால், காரணமில்லாமல் குப்பென்று வியர்த்தால், கேஸ் பிரச்சினை என்று சோடா தேடிப் போகாதீர்கள். நில்லுங்கள், உட்காருங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். 'சென்னைக்கே போய் நம்ம டாக்டர்கிட்ட காட்டிக்கலாம்' என்று காரை நீங்களே எடுக்க வேண்டாம்; உப்பளங்களுக்கு நடுவே வண்டி நின்றால் உதவி வந்து சேர நேரமாகும். இந்தப் பக்கமே காலாப்பட்டில் பிம்ஸ் மருத்துவமனை, கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை. தமிழக அரசின் ஆரம்ப சுகாதார நிலையம்தான் பக்கம் என்றால் அங்கேயும் போகலாம். 2023-லிருந்து 'இதயம் காப்போம்' திட்டத்தில் மாரடைப்புக்கான முதல் மாத்திரைகள் அங்கே இருக்கின்றன. கூட வந்தவர் உங்கள் மாத்திரைச் சீட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளட்டும்.